உன் வீட்டுக்கு நான் வாரிசாக வேண்டாம்

மகன்,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். வாசிக்க உனக்கு நேரமெடுக்கும் என்று தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நீ அழுது அழுது போனது இன்றைக்காவது உதவட்டும். ஜேர்மன் மொழியில் எனக்கு பஸ் ஓட்டத் தெரியும், டொக்டரிடம் நோவைச் சொல்லத் தெரியும், கோபப்படத்தான் தெரியாது. கோபம் வந்தால் இலக்கணம் பிழைத்துவிடுகிறது. நீ என் கோபத்தை விட்டுவிட்டு இலக்கணத்தைத் திருத்தத் தொடங்கிவிடுவாய். இந்தக் கடிதத்தில் திருத்த வேண்டியது இலக்கணம் இல்லை.

லைப்சிக்கில் உன் புது வீட்டைப் பார்த்துவிட்டு நாங்கள் பான் நகரத்துக்குத் திரும்பி ஒரு கிழமையாகிறது. வீடு நல்ல வீடு. வெளிச்சம் இருக்கிறது, பின்னால் சின்னத் தோட்டமும் இருக்கிறது, அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. நாங்கள் வந்த நேரம் லேனா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பழைய சுவர்த்தாளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சுரண்டுகிறாள் என்று நீயே பெருமையாகச் சொன்னாய். பிறகு குசினியில் நீயும் நானும் தனியாக நின்றபோது நான் ஒரு கேள்வி கேட்டேன். நினைவிருக்கும்.

"வீடு ஆற்றை பேரில மகன்?"

"என்ர பேரில. பாங்க் என்ர சம்பளத்தைப் பார்த்துத்தான் கடன் தந்தது. ஏன்?"

"லேனான்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லையோ? ஒண்டும் எழுதி வைக்கேல்லையோ?"

"அது சும்மா பேப்பர் அப்பா. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் நம்பிறம்." பிறகு சிரித்தாய். "உங்களுக்கு நாங்கள் கலியாணம் கட்டேல்லை எண்டதுதான் பிரச்சினை. நேரா சொல்லுங்கோவன்."

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் லேனா கை கழுவ உள்ளே வந்துவிட்டாள். நீ கோப்பி மெசினை அமத்தினாய். அது போட்ட சத்தத்தில் பேச்சும் முடிந்தது. ரயிலில் முழு வழியும் அந்தச் சிரிப்பு எனக்குள் கொதித்துக்கொண்டே வந்தது. அம்மா இரண்டு தடவை "பிரசர் குளிசை போட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

எனக்குக் கலியாணம் பிரச்சினை இல்லை. மண்டபம் வேண்டாம், மாலை வேண்டாம், முந்நூறு பேருக்குப் புரியாணி வேண்டாம். அம்மாவுக்கு ஆசை இருக்கலாம், அதை அவள் உன்னிடம் சொல்லிக்கொள்ளட்டும். நான் கேட்டது வேறு. நாளைக்கு உனக்கு ஒன்று நடந்தால், இந்த வரியை எழுதியதற்கு அம்மா என்னை ஒரு மாதம் திட்டுவாள், ஆனாலும் எழுதுகிறேன், அந்த வீடு லேனாவுக்கு வராது. உனக்குப் பிள்ளை இல்லை, பதிந்த மனைவி இல்லை. ஆகவே சட்டம் நேரே உன் தாய் தகப்பனிடம் வரும். லேனா சுரண்டிய சுவருக்கு நான் சொந்தக்காரன் ஆவேன். நீ என்னைக் கேட்காமலே என்னை உன் வாரிசாக்கி வைத்திருக்கிறாய். எனக்கு அது வேண்டாம். அந்த இடத்தில் ஒரு தடவை நின்றுவிட்டேன். சேவியர் சித்தப்பாவின் வாசலில் நின்றேன். அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போது படிப்பென்று டிரெஸ்டனில் இருந்தாய், செத்தவீட்டுக்கு வந்து அடுத்த நாளே போய்விட்டாய். மீதியை இப்போது கேள்.

பிலோமினா அன்ரியை நீ எப்போதும் சித்தப்பாவின் மனைவியாகத்தான் அறிந்திருக்கிறாய். எங்கள் வீட்டில் யாரும் அதை உனக்கு வேறு மாதிரிச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பதிந்தவர்கள் இல்லை. மன்னாரில் அவவுக்குக் கலியாணம் நடந்திருந்தது. கணவர் கடற்றொழில் செய்தவர். கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டுக் காணாமற்போனார். கண்டவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், உடலை ஒருவரும் காணவில்லை. அவ இங்கே தனியாக வந்து, ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தா. மாதத்துக்கொரு தடவை நடக்கும் தமிழ்ப் பூசையில்தான் சித்தப்பா அவவைக் கண்டான். ஓரிரு வருடத்தில் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்தார்கள். பிறகு பானுக்கு வெளியே, ஆற்றோரத்துக் கிராமத்தில் அந்த ஓட்டை வீட்டைச் சித்தப்பா வாங்கினான். வீட்டு உறுதி அவன் பேரில். பாங்க் கடன் அவன் சம்பளத்துக்கு. இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

ஒரு தடவை கலியாணம் பதியப் போனார்கள். மொழிக்குத் துணையாக நானும் போனேன். பதிவுக் கந்தோரில் இருந்த பெண் பொறுமையானவள், அவளில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். "நீங்கள் திருமணமாகாதவரா?" இல்லை. "விவாகரத்தானவரா?" இல்லை. "விதவையா?" பிலோமினா அன்ரி கைப்பையை எடுத்து மடியில் வைத்தா. அந்தப் பெண் விளக்கிச் சொன்னாள்: காணாமற்போன கணவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றத்தில் பிரகடனம் கேட்கலாம், அல்லது விவாகரத்துக் கேட்கலாம், இரண்டுக்கும் வழி இருக்கிறது, காலம் எடுக்கும், அவ்வளவுதான். நான் அதைத் தமிழில் சொன்னேன். அன்ரி மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தபடி, "அவர் செத்தவர் எண்டு நான் கையெழுத்து வைச்சால், பிறகு அவரைத் தேடுறது ஆர் அண்ணை?" என்று கேட்டா. இதை ஜேர்மனில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாதான் எழும்பினான். "விடுங்கோ அண்ணை. அவவுக்கு ஏலாதெண்டா ஏலாது. இனி இதைக் கேக்கிறேல்லை." அதன் பிறகு அவன் சாகும்வரை ஒரு தடவைகூட அவவிடம் அதைக் கேட்கவில்லை. கலியாணம் கட்டிய எத்தனை பேரிடம் அந்த மரியாதை இருக்கிறது என்று நீயே சொல்லு.

நம்பிக்கை, நம்பிக்கை என்கிறாயே, அது அவர்களிடம் இருந்தது. உன்னைவிடக் கூட இருந்தது. என்ன பிரயோசனம்? கலியாணம் முடியாவிட்டாலும் வேறு வழிகள் இருந்தன. ஒரு வெள்ளைத்தாளில் தன் கையாலே முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது இந்த நாட்டில் செல்லுபடியாகிற மரணசாசனம். நொத்தாரிசிடம் போய் வீட்டில் பாதியை அவ பேரில் எழுதலாம். ஆஸ்பத்திரியில் தனக்காக அவ முடிவு சொல்லலாம் என்று ஒரு வோல்மாக்ட் எழுதிக் கொடுக்கலாம், ஊரில் அற்றோணி என்போமே, அது. நான் சொல்லாத நாள் இல்லை. "முதல் கூரை வேலை முடியட்டும் அண்ணை" என்பான். கூரை முடிந்தது. "மேல் அறை முடியட்டும்." மேல் அறையும் முடிந்தது. "சாகிறதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்று சிரித்தான். உன்னுடைய சிரிப்பும் அந்தச் சிரிப்பும் ஒன்றுதான். எங்கள் குடும்பத்து ஆம்பிளைகளின் சிரிப்பு. கேட்டாலே எனக்கு எரிகிறது.

இந்த நாட்டிலும் எனக்கு எரிச்சல் இருக்கிறது, அதையும் எழுதித் தீர்க்கிறேன். இங்கே நாய் வளர்த்தால் பதிய வேண்டும். வீடு மாறினால் உடனே போய்ப் பதிய வேண்டும். ஆனால் இரண்டு பேர் கலியாணம் கட்டாமல் ஒருவருக்கொருவர் துணையாக வாழ்கிறோம் என்று போய்ச் சொல்ல ஒரு கந்தோர் இல்லை. பக்கத்து பிரான்சில் அப்படி ஒரு பதிவு இருக்கிறதாம். இங்கே ஒன்றில் கலியாணம், இல்லையென்றால் அந்நியர். ஒரே ஒரு தடவை மட்டும் அரசாங்கம் அவர்களைச் சோடியாக ஏற்றுக்கொண்டது, அதையும் கேள். முதியோர் இல்லத்தில் தோய்க்கும் பகுதியை மூடி, அன்ரிக்கு வேலை போய், கொஞ்சக் காலம் உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்தா. அப்போது கந்தோரிலிருந்து ஒரு ஆள் வீட்டுக்கு வந்து, எத்தனை கட்டில், குளியலறையில் எத்தனை பல்துலக்கும் பிரஷ் என்று பார்த்தான். "நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்கிறீர்கள், ஆகவே அவருடைய சம்பளத்தில் நீங்கள் வாழலாம்" என்று பதில் வந்தது. சித்தப்பா அதை வாசித்துவிட்டு, "பாத்தியே பிலோமினா, எங்களுக்குக் கலியாணம் நடந்திட்டுது" என்றான். எல்லோரும் சிரித்தோம். கொடுக்க வேண்டாத இடத்தில் அவர்கள் ஒரு குடும்பம். பிறகு கொடுக்க வேண்டிய இடம் வந்தபோது அவ அவனுக்கு ஒருத்தருமில்லை.

சித்தப்பா பஸ் டிப்போ கராஜில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுந்தான். மூளையில் இரத்தக் கசிவு. அவனுடைய போனில் "வீடு" என்றிருந்த இலக்கத்துக்கு அவனோடு வேலை செய்தவர்கள் அடித்தார்கள். அன்ரி இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு ஓடினா. வாசலில் தாதி கேட்டாள், "நீங்கள் மனைவியா?" ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒருவரும் பத்திரம் கேட்டிருக்க மாட்டார்கள். அவ இல்லை என்றா. நான் போய்ச் சேரும்வரை நடையில் ஒரு கதிரையில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தா. ஏன் பிள்ளை அப்படிச் சொன்னனீங்கள் என்று ஆத்திரத்தில் கேட்டேன். "பொய் சொல்ல வாய் வரேல்லை அண்ணை. எனக்கு ஒரு புருசன் இருக்கிறார். எங்க எண்டுதான் தெரியாது" என்றா.

என் அடையாள அட்டையில் அவனுடைய குடும்பப் பெயர் இருந்தது. கதவு திறந்தது. அவவையும் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போவேன் என்று நின்றதில் விட்டார்கள். ஆனால் டொக்டர் என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். "வழக்கமாக என்ன மருந்து எடுக்கிறவர்?" எனக்குத் தெரியாது. அவ சொன்னா. "எதற்காவது ஒவ்வாமை உண்டா?" எனக்குத் தெரியாது. அவ சொன்னா. "தலையிடி எப்போது தொடங்கியது?" அதுவும் அவவுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பதிலையும் அவவிடம் கேட்டு எழுதிவிட்டு, அடுத்த கேள்விக்கு டொக்டர் மறுபடியும் என்னைப் பார்ப்பார். அவரில் பிழை இல்லை. எழுத்தில் ஒன்றும் இல்லாதபடியால் அவனுக்காக முடிவெடுக்க நீதிமன்றம் அவசரமாக ஒருவரை நியமிக்க வேண்டியிருந்தது, கூடப்பிறந்தவன் என்று என்னை நியமித்தது. அவனுடைய தலையைத் திறக்கலாமா என்ற கேள்விக்கு நான் கையெழுத்து வைத்தேன். வைக்கும்போது அவவைப் பார்த்தேன். அவ தலையாட்டினா. அந்தத் தலையாட்டலுக்குச் சட்டத்தில் ஒரு பெறுமதியும் இல்லை. இப்போது கலியாணம் கட்டியவர்களுக்கு, எழுதி வைக்காவிட்டாலும், அவசரத்தில் கொஞ்சக் காலம் பேசுகிற உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. உனக்கும் லேனாவுக்கும் அது இல்லை. கேட்டுப் பார்.

சித்தப்பா கண் முழிக்கவேயில்லை. செத்தவீட்டு ஒழுங்குகளைச் செய்கிறவர் பெட்டியின் படத்தையும் பூக்களின் படத்தையும் என் முன்னால் வைத்தார், ஏனென்றால் கையெழுத்து என்னுடையது. நான் அதைப் பிலோமினா அன்ரியின் பக்கம் தள்ளினேன். அந்த மனிதர் மரியாதையாக மறுபடியும் என் பக்கம் திருப்பி வைத்தார். இப்படித்தான் எல்லாம் நடந்தது. யாரும் கத்தவில்லை, யாரும் அவவை அவமதிக்கவில்லை. எல்லோரும் சட்டப்படி நடந்தார்கள்.

பிறகு வீடு. அவனுக்குப் பிள்ளைகள் இல்லை, தாய் தகப்பன் இல்லை. ஆகவே வாரிசு கனடாவில் இருக்கும் உன் பெரியப்பாவும் நானும், பாதிப் பாதி. அவ அந்த வரிசையில் எங்கேயும் இல்லை. பின்வரிசையில்கூட இல்லை. எனக்கு வேண்டாம், என் பங்கை மறுத்து எழுதித் தருகிறேன், அவவுக்குப் போகட்டும் என்று நொத்தாரிசிடம் ஓடினேன். அவர் நல்ல மனுசன், ஒரு தாளில் மரம் மாதிரிக் கீறிக் காட்டினார். நான் மறுத்தால் என் பங்கு உனக்கும் தங்கச்சிக்கும் வரும். நீங்கள் மறுத்தால் பெரியப்பாவிடம் போகும். அவரும் மறுத்தால் அவருடைய பிள்ளைகளுக்கு. "உங்கள் குடும்பம் முழுக்கச் சுற்றி வரும், அந்த அம்மாவின் வாசலில் மட்டும் நிற்காது" என்றார். அன்றைக்குத்தான் உனக்குப் போன் எடுத்து, "உனக்கு ஒரு வீடு வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "அப்பா, குடிச்சிருக்கிறீங்களோ?" என்றாய். சரி, மறுக்காமல் எடுத்து அவவுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறேன் என்றேன். கொடுக்கலாம், ஆனால் வரிக் கந்தோருக்கு அவ யாரோ ஒருத்தி, ரோட்டில் போகிற ஆளுக்குக் கொடுத்தால் என்ன வரியோ அதே வரி என்றார். அவ அந்த வீட்டுக்குப் போட்ட காசு? மாதாமாதம் சித்தப்பாவின் கணக்குக்குத்தான் அனுப்பியிருந்தா. சேர்ந்து வாழ்ந்த செலவு என்று சொல்லிவிடுவார்கள், வழக்குப் போட்டுப் பார்க்கலாம், வெல்வது நிச்சயமில்லை என்றார். யார் மேல் வழக்கு என்று கேட்டேன். "உங்கள் மேல்தான்" என்றார்.

ஒரு வீட்டில் கூட இருந்தவர்களை, ஆள் செத்த நாளிலிருந்து முப்பது நாளைக்கு அந்த வீட்டில் இருக்க விட வேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதுதான் அவவுக்கு இருந்த உரிமை. எங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாள் நினைவு வைக்கிறவர்கள். பெரியப்பா அதற்குத்தான் டொரோண்டோவிலிருந்து வந்தார். அன்று பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, அன்ரிதான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. அவர் சுற்றிவரச் சுவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இந்த வீட்டுத் திறப்பு எத்தினை இருக்கு?"

"அண்ணை, இண்டைக்கு அந்தக் கதை வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? நான் கூடாத கதை கதைக்கேல்லை. எல்லாம் சட்டப்படி செய்வம். அவனை ஊரிலயிருந்து அனுப்பினது நான். கொழும்பில லொட்ஜில வைச்சுப் பாத்தது நான். அப்ப இவ எங்க?"

"கடைசியில ஆஸ்பத்திரியில அவனோட இருந்தது அவ."

"மற்றவன்ர பெண்சாதி தம்பி. அதை நான் சொல்லேல்லை, அவவே சொன்னவ."

அவ குசினிக் கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. உள்ளே போய்த் தன் கைப்பையைத் திறந்து, வாசல் கதவின் திறப்பை எடுத்து வந்து, தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தா. "இந்தாங்கோ அண்ணை. என்னட்டை இது ஒண்டுதான்." பெரியப்பாவின் முகம் கறுத்துப்போய்விட்டது. கெட்ட மனுசன் இல்லை அவர். காலையில் கல்லறையில் எங்கள் எல்லோரையும்விட விம்மி அழுதவர் அவர்தான். ஆனாலும் திறப்பை எடுத்துக்கொண்டார். எனக்கு அன்று வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அவர் மேலா? அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சட்டத்தில் இருந்தது. அவவின் மேலா? அவ உண்மை மட்டும்தான் சொன்னா. நான் எழும்பி வெளியே போய், அவன் இல்லாத முற்றத்தில் நின்று, "ஒரு தாள் எழுத உனக்கு என்னடா பஞ்சி?" என்று செத்துப்போன தம்பியைத் திட்டினேன். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

பெரியப்பாவின் பாதியை வாங்க பாங்கிடம் போனேன். பென்சனுக்குக் கிட்ட நிற்கிறவனுக்கு அவ்வளவு கடன் இல்லை என்றார்கள். நான் சம்மதிக்காவிட்டால் ஏலத்துக்குப் போகும், ஏலத்தில் போனால் அவவுக்குக் கொடுக்க என்னிடமும் ஒன்றும் மிஞ்சாது. வீடு விற்கப்பட்டது. என் பாதியை அவவுக்குக் கொடுத்தோம், வரிக் கந்தோர் தன் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டது. அவ முதலில் வாங்கவே மாட்டேன் என்றா. அம்மாதான் ஏசினாள். "பிலோமினா, நாங்கள் ஒண்டும் தருமம் செய்யேல்லை. இது உங்கட. உங்கட சாமானை நாங்கள் வைச்சிருக்கேலாது." இப்போது அவ இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறா. விதவைப் பென்சன் இல்லை, ஏனென்றால் விதவை இல்லை. வேறொரு முதியோர் இல்லத்தில், கால் வீங்க வீங்க, இன்னும் வேலைக்குப் போகிறா. வீட்டைக் கையளித்த அன்று அவ தபால்பெட்டியில் இருந்த பெயர்த் தகட்டைத் திருகாணியைக் கழற்றி எடுத்ததை நான் பார்த்தேன். சித்தப்பாவின் பெயரும் அவவின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த தகடு. இந்த ஜேர்மனி முழுவதிலும் அவர்கள் இரண்டு பேரும் சோடியாகப் பதிந்திருந்த ஒரே இடம் அதுதான்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அவர்களுக்குக் கலியாணத்தின் வழி அடைபட்டுக் கிடந்தது, அவ மனம் விட்டுத் திறக்க முடியாத கதவு அது. உங்களுக்கு எல்லாக் கதவும் திறந்து கிடக்கிறது, நீ எதற்குள்ளும் போக மாட்டேன் என்கிறாய். கலியாணம் பிடிக்கவில்லையா, கட்டாதே. ஆனால் அப்படியென்றால் மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுத வேண்டும், அதுதான் கட்டாமல் இருப்பதற்கான வேலை. கட்டியவர்கள் ஒரு தாளில் சேர்ந்து மரணசாசனம் எழுதலாம், உங்களுக்கு அதுவும் கிடையாது, ஆளுக்கு ஒன்று எழுத வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஆளுக்கொரு வோல்மாக்ட். வீட்டில் அவள் பெயர் ஏற வேண்டுமென்றால் நொத்தாரிசு, ஏறாவிட்டால் அவள் போடுகிற காசுக்கு ஒரு ஒப்பந்தம். நாளைக்கு நீங்கள் பிரிந்தாலும் அவள் வெறுங்கையோடு போகக்கூடாது. பிரிவது பற்றிக் கதைப்பது அபசகுனம் என்று நினைக்காதே, நான் சாவைப் பற்றியே கதைத்துவிட்டேன். பிள்ளை பிறந்தால், தகப்பன் நீதான் என்றுகூட நீ போய் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. ஒரு நாள் லீவு எடு. சுவருக்கு லீவு போடுகிற ஆட்கள் இதற்கும் போடலாம்.

ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று கேட்டதால் ஒரு கிழமை சொல்லாமல் இருந்தேன், இனி முடியாது. அன்று எங்களை ரயில் நிலையத்துக்கு லேனாதான் காரில் கொண்டுபோய் விட்டாள். அம்மா தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போன இடைவெளியில், குசினியில் நானும் நீயும் கதைத்தது வீட்டைப் பற்றியா என்று கேட்டாள். ஓம் என்றேன். என் பக்கம் திரும்பினாள். தன்னுடைய தாயும் இதைத்தான் கேட்கிறாளாம், தன்னுடைய சேமிப்பு முழுவதும் அந்த வீட்டுக்குள் போகிறதாம், சில நாட்களில் அதை நினைத்து நித்திரை வருவதில்லையாம். அப்படியென்றால் ஏன் பிள்ளை நீ அவனிடம் கேட்கவில்லை என்று கேட்டேன். "கேட்டால், நான் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடுமே" என்றாள். தான் இதைச் சொன்னதாக உனக்குத் தெரியக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள்.

நீ நம்பிக்கை என்று பெருமையாகச் சொல்கிறாயே, மகன், அந்தப் பிள்ளை வாயைத் திறக்கப் பயந்து இருக்கிறது. சொன்னதற்கு அவள் என்னைக் கோபித்தால் கோபிக்கட்டும், நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீ இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுத்துச் சண்டை பிடிக்காதே. லேனா எந்த அறையில் இருக்கிறாளோ அந்த அறைக்குப் போ. முதலில் அவளைக் கேள்.

அப்பா